எஸ்எம்பிஎஸ்தான் காரணமா?

"அப்போ எஸ்எம்பிஎஸ்லதான் கோளாறா, சார்?" என்று கேட்டார் கணக்குப் பிரிவு மேடம். "ஆமா மேடம், அதேதான்" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. தானாக அணைந்துகொண்டிருந்த அவருடைய கம்ப்யூட்டரில், அதற்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டியை மாற்றியிருந்தேன். அதற்குப் பிறகு அந்த சிஸ்டம் ஒரு முறைகூடத் தானாக அணையவில்லை. வேலை முடிந்தது என்று போய்விடலாம். ஆனால் அந்த "ஆமா"வை நான் எதை வைத்துச் சொன்னேன் என்று யோசித்தால் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.

நடந்ததை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் இருந்தது வழக்கமான கெர்னல் பவர் 41 என்ற பதிவு. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அதைப் பார்த்ததும் "பவர்" என்று இருக்கிறதே, அப்போது பவர் சப்ளைதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது அப்படிச் சொல்லவே இல்லை. போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. அதுவும் மறுபடி ஆன் ஆன பிறகு எழுதப்படுவது. ஊரிலிருந்து திரும்பியவர் பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்துக் கொடுக்கும் புகார் மாதிரி. திருடனை அது பார்க்கவில்லை. அந்தப் பதிவில் பக்செக் கோட், அதாவது விண்டோஸே பிழையில் நின்றால் விழும் எண், 0 என்று இருந்தது. நீலத்திரை வந்து விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஓர் எண் இருந்திருக்கும். ஆக, விண்டோஸுக்கே தெரியாமல் மின்சாரம் போயிருக்கிறது. அதுவரை சந்தேகமில்லை.

சூடு இல்லை. பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். இது அந்தப் பக்கமே போகவில்லை. யுபிஎஸ்ஸை விட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டும் அணைந்தது. ராம் கெட்டிருந்தால் தொங்கும், நீலத்திரை காட்டும். இப்படிச் சத்தமில்லாமல் போவது குறைவு. முன்பக்க பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் நாலு விநாடி அமுக்கியதாக எடுத்துக்கொண்டு மதர்போர்டு அணைத்துவிடும். அதனால் அந்தப் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு ஆன் செய்து பார்த்தேன். அப்படியும் அணைந்தது.

மிச்சம் எஸ்எம்பிஎஸ். மல்ட்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே ஒழுங்காக நின்றது. அதில் திருப்திப்பட முடியாது. ஒரு கணம் விழுந்து எழும் வோல்டேஜை மீட்டர் காட்டாது. அணைவதற்கு அந்த ஒரு கணம் போதும். கையில் வேறு எஸ்எம்பிஎஸ் இருந்தது, மாற்றினேன், சரியாகிவிட்டது.

இங்கேதான் சிக்கல். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் மாற்ற முடியாது. அதோடு எல்லா கனெக்டரையும் பிடுங்கி மறுபடி மாட்ட வேண்டும். போர்டின் மேல் மூலையில், சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிராசசர் பவர் கனெக்டரைக் கழற்றும்போது வழக்கமாக அந்தக் கொக்கியை நகத்தால் அமுக்கிப் பிடித்து, கொஞ்சம் ஆட்டித்தான் இழுக்க வேண்டும். அன்று கை வைத்ததும் வந்துவிட்டது. கொக்கி சரியாக விழாமல் இருந்ததா, அல்லது நானே அமுக்கியது நினைவில்லையா, தெரியாது. புதியதைக் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அப்புறம், மேடம் முதலிலேயே சொன்ன ஒன்று: "உடனே பட்டனை அமுக்கினா வந்துடுது சார்." எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்தால் பெரும்பாலும் அடம்பிடிக்கும், பின்பக்க சுவிட்சை அணைத்துச் சற்று விட்டுத்தான் எழுப்ப வேண்டியிருக்கும். உடனே வருவது தளர்ந்த கனெக்டருக்குத்தான் பொருந்துகிறது. ஆனால் வயதான எஸ்எம்பிஎஸ் இப்படி நடந்துகொள்வதையும் பார்த்திருக்கிறேன். கழற்றியதை வேறொரு சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது. அதில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது, இழுக்கும் மின்சாரம் குறைவு. ஆகவே அதுவும் சாட்சியாகாது.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே திரும்ப மாட்டி, எல்லா கனெக்டரையும் நன்றாக அழுத்தி, சில நாள் ஓடவிட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். மாதக் கடைசியில், கணக்கு முடிக்கிற நேரத்தில், ஓடுகிற சிஸ்டத்தை என் ஐயத்துக்காக மறுபடி அணைய விடுவதா? எந்த மேடத்திடம் போய் அனுமதி கேட்பது? உட்கார்ந்து வேலை செய்பவருக்கு வேண்டியது காரணம் இல்லை, இனி அணையாது என்ற தைரியம். "இதுவாக இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம்" என்று சொல்லியிருந்தால் ஒவ்வொரு வரிக்கும் சேவ் அமுக்கிக்கொண்டு பயந்தே உட்கார்ந்திருப்பார். இதை எப்போது யோசித்தாலும் நான் சொன்னது சரி என்றே படுகிறது.

ஆனால் அந்த "ஆமா" மேடத்தோடு நிற்கவில்லை. மேலாளர் காதுக்குப் போய், "அதே மாடல் எஸ்எம்பிஎஸ் இருக்கிற மத்த சிஸ்டத்துக்கும் இப்பவே மாத்திடலாமே" என்று வந்து நின்றார். எல்லாமே ஒரே சமயத்தில் வாங்கியவை, கெப்பாசிட்டர்களுக்கு வயதாகிவிட்டது, மாற்றுவதில் நஷ்டமில்லை. தலையாட்டினேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் மாற்றச் சொன்னது அதற்காக இல்லையே.

பதிவேட்டில் "காரணம்: எஸ்எம்பிஎஸ் பழுது" என்றுதான் இருக்கிறது. திருத்தலாம் என்றால் அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "காரணம்" என்று கட்டம் போட்டவர் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த பையனிடம் மட்டும் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்: எதையும் மாற்றுவதற்கு முன்னால் அந்த மேல் மூலை கனெக்டரை ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்த்துவிடு என்று. "அதான் எஸ்எம்பிஎஸ்னு எழுதியிருக்கே சார்" என்றான்.