ரிப்போர்ட் நார்மல், பாதம் மட்டும் எரிகிறது

நரம்புக் கடத்தல் சோதனையின் ரிப்போர்ட்டில் எல்லா எண்களும் சரியாகவே இருந்தன. எரிச்சல் மட்டும் நிற்கவில்லை. மிளகாய் அரைத்த கையை எத்தனை முறை கழுவினாலும் போகாத காந்தல் ஒன்று இருக்குமே, அதை இரண்டு உள்ளங்காலிலும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் படுத்திருப்பது எப்படி இருக்கும்? போர்வை பட்டாலே ஆகாது. “டெஸ்ட்டில்தான் ஒன்றுமில்லையே, நிம்மதியாகத் தூங்கு” என்று வீட்டில் சொன்னார்கள். அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் வலியை விட அந்தச் சொல் என்னை அதிகம் வாட்டியது. சர்க்கரை நோயோடு பல வருடங்களாக வாழ்கிறவள் நான். என்னைப் போல் நார்மல் ரிப்போர்ட்டும் எரியும் காலுமாகத் தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தச் சோதனைக்குப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலில் எண்ணெயோ க்ரீமோ தடவாமல் போக வேண்டும். சோதனை செய்த பெண் முதலில் தோலின் வெப்பத்தை அளந்தார். ஏசி அறையில் பாதம் சில்லிட்டிருந்ததால் வெதுவெதுப்பான துணியைச் சுற்றிக் காத்திருக்கச் செய்தார். கால் குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறைந்து, இல்லாத கோளாறு இருப்பதாகக் காட்டிவிடுமாம். “அம்மா, காலைத் தளர்வாக வையுங்கள், சுரீர் என்று இருக்கும்” என்று எச்சரித்துவிட்டுத்தான் கெண்டைக்காலில் மின்னதிர்வு கொடுத்தார். வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் ஒட்டிய எலக்ட்ரோடுக்கு அது வந்து சேரும் நேரத்தையும் அதன் வலுவையும் திரை காட்டியது. திடுக்கிட வைக்குமே தவிர, தாங்க முடியாத வலியில்லை. தசையில் ஊசி செருகிப் பார்ப்பதுதான் சற்று நோகும்.

அந்த ரிப்போர்ட்டோடு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் அதைப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் படுக்கச் சொன்னார். சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலை அங்கங்கே தொட்டார். கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொரு தொடுதலையும் சொன்னேன். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பின்மேல் வைத்தார். அதிர்வு அடங்கும் வரை தெரிந்தது. பிறகு அதே இசைக்கவையைத் தட்டாமல், அதன் உலோகத்தை முழங்காலுக்குக் கீழே வைத்தார். சில்லென்றிருந்தது. பாதத்தின்மேல் வைத்தார்.

“குளிர்கிறதா, தொடுவது மட்டும் தெரிகிறதா?”

“தொடுவது தெரிகிறது டாக்டர். குளிர்ச்சியே இல்லை.”

மெல்ல மேலே நகர்த்திக்கொண்டே போனார். கணுக்காலைத் தாண்டிய பிறகுதான் குளிர்ச்சி திரும்பியது. மறு காலிலும் ஏறக்குறைய அதே இடம். ஒரே உலோகத் துண்டின் அதிர்வு என் விரலுக்கு எட்டியது, குளிர்ச்சி எட்டவில்லை. என் நோயை முதன்முதலாக நானே கண்டுகொண்ட கணம் அது.

அவர் பொறுமையாக விளக்கினார். அதிர்வை உணர்வது தோலின் ஆழத்தில் இருக்கும் பாசினியன் ஏற்பிகள், அதாவது உணர்வைப் பிடிக்கும் நரம்பு முனைகள். மென்தொடுதலுக்கு மெய்ஸ்னர், மெர்க்கெல் ஏற்பிகள் உண்டு. இவற்றின் செய்தியைச் சுமப்பவை ஏ-பீட்டா என்னும் தடித்த நரம்பிழைகள். மயலின் என்னும் கொழுப்பு உறை போர்த்தியவை என்பதால் நொடிக்கு 30 முதல் 70 மீட்டர் வேகம். குளிர்ச்சியையும் சுருக்கென்ற வலியையும் கொண்டுவருபவை மெல்லிய உறை கொண்ட ஏ-டெல்டா இழைகள். சூட்டையும் எரிச்சலையும் கொண்டுவரும் சி இழைகளுக்கு உறையே கிடையாது. நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டாதவை. வாசற்படியில் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி, ஒரு நொடி கழித்துப் பரவும் எரிச்சல் ஒன்று என இரண்டு வருவது இந்த வேக வித்தியாசத்தால்தான்.

கடத்தல் சோதனை தடித்த இழைகளை மட்டுமே பார்க்கிறது. மெல்லிய இழைகளின் சைகை மிக நுண்ணியது. சிதறிச் சிதறி வருவதால் அந்தக் கருவியில் பதிவதில்லை. என்னுடைய ‘நார்மல்’ பொய்யல்ல, தடித்த இழைகளுக்கு மட்டுமான நார்மல். இழைகளைத் தடிமனாலும் வேகத்தாலும் பிரித்துக் காட்டிய விஞ்ஞானிகள் எர்லாங்கரும் காசரும் 1944-இலேயே நோபல் பரிசு பெற்றுவிட்டார்கள். ‘மெல்லிய இழைகள் இதில் அளக்கப்படவில்லை’ என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரே ஒரு வரி அச்சிட்டிருந்தால் எத்தனை இரவுகளின் மனவேதனை இல்லாமல் போயிருக்கும்! அந்த வரியை எல்லா ஆய்வகங்களும் சேர்க்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது வெப்ப உணர்வுச் சோதனை. பாதத்தில் ஒரு தகட்டைக் கட்டி, 32 டிகிரியில் தொடங்கிச் சூட்டை மெல்ல ஏற்றுவார்கள். உணர்ந்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். கையில் உடனே அழுத்தினேன். பாதத்தில் 45 டிகிரியை நெருங்கும் வரை எதுவும் தெரியவில்லை. இதற்கு முழுக் கவனமும் தேவை. தூக்கம் கெட்ட மறுநாள் போகாதீர்கள்.

உறுதிப்படுத்தத் தோல் பயாப்சி. கணுக்காலுக்கு மேலே 10 சென்டிமீட்டரில் மரத்துப்போகும் ஊசி போட்டு, 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை எடுத்தார்கள். தையல் இல்லை, பிளாஸ்திரி மட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறுமா என்ற கவலை எனக்கும் இருந்தது. முன்கூட்டியே சொல்லி, சர்க்கரை அளவைப் பார்த்த பிறகே செய்தார்கள், நன்றாக ஆறியது. மேல்தோலுக்குள் ஏறி நிற்கும் நுண்ணிழைகளைச் சாயமேற்றி எண்ணுகிறார்கள். என் வயதுக்கு இருக்க வேண்டியதை விடக் குறைவு என்று முடிவு வந்தது. எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை, முடிவுக்கும் காத்திருக்க வேண்டும்.

கூடவே ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைந்திருந்தது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையக்கூடும் என்பதால் ஊசி போட்டார்கள். ஆனால் முக்கியக் காரணம் சர்க்கரைதான். முதுகெலும்பின் ஓரத்திலிருந்து கால்விரல் நுனி வரை நீளும் மிக நீளமான இழைகளே முதலில் நலிகின்றன. காலுறை போடும் இடமாக நோய் தொடங்குவது அதனால்தான்.

மருத்துவர் இரவுக்கு நரம்பு வலி மருந்தான பிரகாபலின் கொடுத்தார். முதல் வாரங்களில் தலை சுற்றியது, பிறகு பழகியது. தடவிக்கொள்ளக் கேப்சைசின் களிம்பும் எழுதியதைப் பார்த்து வியந்தேன். மிளகாயின் காரப்பொருள் அது. 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் திறந்துகொள்ளும் அதே ஏற்பியைத்தான் காரமும் திறக்கிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தொடர்ந்து தடவினால் அந்த ஏற்பி உள்ள நரம்பு நுனிகள் தற்காலிகமாகச் செயலடங்குகின்றன. தடவிய கையைக் கண்ணில் வைத்துவிடக் கூடாது, வெடிப்புள்ள தோலில் தடவவும் கூடாது.

இப்போது போர்வை பட்டால் பொறுத்துக்கொள்ள முடிகிறது, தூங்குகிறேன். சூடு தெரியாத குறை இன்னும் அப்படியே இருப்பதால், பாதத்துக்குச் சுடுநீர் ஒத்தடம் வேண்டாம் என்றும், தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்றும் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை கட்டுக்குள் நின்றால் அடுத்த வருடம் வெப்பச் சோதனையை மறுபடி செய்து ஒப்பிடுவதாக இருக்கிறோம்.