வழுக்காதுன்னு சொன்னேன்

"அந்த ரோட்டுல நான் நாப்பதுக்கு மேல போனதே இல்ல தம்பி. நீங்கதான் வழுக்காதுன்னீங்க."

ஐயா கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

ஷோரூமில் புதுக் காரை நான் டெலிவரி கொடுத்த அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி. "குறுவை அறுப்பு நேரம், ரோடெல்லாம் நெல்லு கெடக்கும். பிரேக் புடிச்சா நிக்குமா?" "ஏபிஎஸ் பிரேக் இருக்குய்யா, வழுக்காது" என்றேன். அடுத்த வண்டிக்கு ஆள் காத்திருந்தது. மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள், நீடாமங்கலம் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, ஐயாவின் வண்டி நிற்காமல் வருவதைப் பார்த்து எகிறி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. எங்கள் சர்வீஸ் ரேம்ப்பில் வண்டி ஏறியபோது பார்த்தேன், சக்கரத்துக்கு மேலே மட்கார்டு இடுக்கெல்லாம் நெல். சேறோடு அப்பி, சில மணிகள் உமி உரிந்து அரிசியாகவே தெரிந்தன.

ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டிக்கொள்ள விடாது. பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பலாம். ஆனால் டயர் பிடிக்கத் தார் வேண்டுமே, நடுவில் நெல் கிடந்தால்? தூரம் கூடத்தான் செய்யும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் காரிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதைச் சொல்லி விற்க வேண்டிய தேவைகூட இல்லை. எழுபதில் போனது அவர் கால்தானே என்றும் தோன்றுகிறது. வருஷா வருஷம் அதே ரோட்டில் நெல் காயப்போடுகிறவர் அவர். 17 சதவீத ஈரத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கத் தயங்குவார்கள், களம் இல்லாதவன் வேறெங்கே போவான் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். அவருக்குத் தெரியாத நெல்லா?

தெரிந்ததால்தானே நாற்பதில் போனார். அங்கேதான் மறுபடி மாட்டிக்கொள்கிறேன்.

"பெடல் கடகடன்னு ஆடுச்சு. ஏதோ ஒடஞ்சிட்டுன்னு கால எடுத்துட்டேன்" என்றும் சொன்னார். ஏபிஎஸ் வேலை செய்தால் பெடல் அப்படித்தான் அதிரும், காலை எடுக்காமல் அழுத்தியே பிடிக்க வேண்டும். அதையும் நான் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு டெலிவரியிலும் சொல்கிறேன். பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை முடிந்து வண்டி எடுக்க வந்தவர், "பக்கத்துல உக்காருங்க தம்பி" என்றார். பைபாஸ் வரை முப்பதிலேயே ஓட்டினார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். ரோட்டில் ஒரு நெல்மணி இல்லை. கொஞ்சம் வேகமாகப் போகலாம் ஐயா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.