நார்த்தூளில் சாயம் நீக்குவது: சதவீதத்தை விட்டுவிட்டு கிராம் கணக்குக்கு வாருங்கள்

தேங்காய் நார்த்தூள், வேப்பிலைப் பொடி, நிலக்கடலைத் தொலி, வாழைத்தண்டு என்று கையில் கிடைப்பதையெல்லாம் காயவைத்து அரைத்து, சாயத் தண்ணீரில் போட்டு, "98 சதவீதம் நிறம் நீங்கியது" என்று முடிக்கும் ஆய்வறிக்கைகள் நிறைய வருகின்றன. அவற்றில் பெரும்பங்கு மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தில் செய்தவை. திருப்பூர் பனியன் துணிக்குப் போடுவது மெத்திலீன் புளூ அல்ல. பருத்திக்கு, நூலோடு வினைபுரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயம்தான். ஆய்வகத்தில் ஜெயித்த பொடி பட்டறைத் தண்ணீரில் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மெத்திலீன் புளூ தண்ணீரில் நேர்மின் சுமையோடு இருக்கும். நார்த்தூளில் உள்ள கார்பாக்சில், பீனால் தொகுதிகள் பிஎச் (அமில, கார நிலையின் அளவு; 7 நடுநிலை) ஏற ஏற எதிர்மின் சுமை பெறும். அதனால் இரண்டும் தானாகவே ஒட்டிக்கொள்ளும், பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. ரியாக்டிவ் சாயத்தில் சல்போனேட் தொகுதிகள் இருப்பதால் அதுவும் எதிர்மின் சுமைதான். சாயத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரோ சோடா ஆஷ் காரணமாக பிஎச் 10, 11 என்று இருக்கும். அந்த நிலையில் பச்சை (கரியாக்காத) நார்த்தூளைக் கொட்டினால் சாயம் நீங்காது. தூளிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் கரைந்து தண்ணீர் இன்னும் பழுப்பாகும், சிஓடியும் (தண்ணீரின் கரிம அழுக்கைக் காட்டும் அளவு) ஏறும்.

ஆகவே எந்தக் கவர்பொருளை (சாயத்தைத் தன் பரப்பில் பிடித்துவைக்கும் பொருள்) எடுத்தாலும், அதன் பரப்பில் மின்சுமை பூஜ்யமாகும் பிஎச் எது என்று முதலில் பாருங்கள். லிட்டருக்கு 5.85 கிராம் சோடியம் குளோரைடு கரைத்த தண்ணீரை 50 மில்லி வீதம் பல குடுவைகளில் எடுத்து, பிஎச் 2 முதல் 11 வரை ஒவ்வொன்றிலும் ஒரு அளவாகச் சரிசெய்யுங்கள். ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் தூள் போட்டு மூடி, 24 மணி நேரம் குலுக்கியபின் பிஎச்சை மறுபடி அளந்து பாருங்கள். தொடக்க பிஎச்சும் இறுதி பிஎச்சும் எங்கே சமமாகிறதோ அதுதான் அந்தப் புள்ளி. அதற்குக் கீழே பரப்பு நேர்மின். ரியாக்டிவ் சாயம் ஒட்ட வாய்ப்புண்டு. அதற்கு மேலே விலக்கும். தூளைச் சரியாகக் கழுவாமல் இதைச் செய்தால், தூளில் ஒட்டியிருக்கும் சாம்பல் உப்பும் அமிலமும்தான் பிஎச்சை நகர்த்தும், பரப்பின் குணம் தெரியாது.

அப்படியென்றால் அமிலம் ஊற்றி பிஎச்சை 3க்கு இறக்கிவிடலாமே என்று தோன்றும். ஆய்வறிக்கைகளில் அப்படித்தான் செய்வார்கள். பட்டறைக் கணக்கில் பாருங்கள்: 106 கிராம் சோடா ஆஷை நடுநிலையாக்க 98 கிராம் கந்தக அமிலம் வேண்டும், விளைவாக 142 கிராம் சோடியம் சல்பேட் தண்ணீரில் சேரும். நிறத்தை எடுப்பதற்காக டிடிஎஸ்ஸை (தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) ஏற்றுகிறோம். பிறகு காரம் ஊற்றி பிஎச்சை மேலே கொண்டுவரும்போது இன்னும் கொஞ்சம் உப்பு. அமிலத்தை வேகமாக விட்டால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்துப் பொங்கி, தொட்டி விளிம்பைத் தாண்டும். மெதுவாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும்.

ஆய்வகத்தில் ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. புதிதாக வாங்கிய ரியாக்டிவ் சாயத்தை அப்படியே கரைத்துச் சோதிக்கக் கூடாது. கழிவுநீரில் இருப்பது துணியில் ஒட்டாமல் நீராற்பகுப்பு அடைந்த (தண்ணீரோடு வினைபுரிந்து ஒட்டும் திறனை இழந்த) சாயம். புதுச் சாயம் காரத்தன்மையில் நார்த்தூளின் செல்லுலோஸோடு வினைபுரிந்தே ஒட்டிக்கொள்ளும், அது துணியில் சாயம் ஏறுவது போன்றதுதான். அதைப் பரப்புக் கவர்தல் என்று எழுதிவிடுவோம். லிட்டருக்கு 1 கிராம் சாயக் கரைசலை சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு பிஎச் 12க்கு ஏற்றி, 80 டிகிரி செல்சியஸில் 1 முதல் 2 மணி நேரம் வைத்து, ஆறியபின் நடுநிலையாக்கி, அதிலிருந்து நீர்த்துப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது வடிகட்டித் தாள். மெத்திலீன் புளூ கரைசலைச் சாதாரண வடிகட்டித் தாளில் ஊற்றிப் பாருங்கள், தாள் நீலமாகும். நீங்கள் அளக்கும் "நீக்கத்தில்" தாளின் பங்கும் கலந்துவிட்டது. நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் 10 நிமிடம் மையவிலக்குக் கருவியில் சுழற்றி மேல்நீரை எடுப்பதே பாதுகாப்பு. சாயமில்லாத தண்ணீரில் அதே அளவு தூளைப் போட்டு ஒரு குடுவையும், தூளே இல்லாத சாயக் கரைசலில் ஒரு குடுவையும் கூடவே ஓட வேண்டும். முதலாவது டானின் நிறத்தைக் காட்டும், இரண்டாவது கண்ணாடிச் சுவரிலும் மூடியிலும் ஒட்டும் சாயத்தைக் காட்டும்.

பிஎச் மாறினால் சில சாயங்களின் நிறமே மாறும். மாலகைட் கிரீன் காரத்தில் நிறமற்ற வடிவத்துக்குப் போய்விடும். காங்கோ ரெட் பிஎச் 3 முதல் 5க்குள் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும். சாயம் தண்ணீரிலேயே இருக்க, ஸ்பெக்ட்ரோமீட்டர் "நீங்கிவிட்டது" என்று சொல்லும். அளக்கும் முன் எல்லா மாதிரிகளையும் ஒரே பிஎச்சுக்குக் கொண்டுவந்து, ஒளி உட்கவர் அளவு 0.1 முதல் 1 வரை வரும்படி நீர்த்துக்கொள்ளுங்கள். மெத்திலீன் புளூவுக்கு 664 நானோமீட்டர். ரியாக்டிவ் பிளாக் 5க்கு 597க்கு அருகே.

இப்போது கிராம் கணக்கு. ஒரு கவர்பொருளுக்கு லாங்மியர் சமன்பாட்டில் (தண்ணீரில் மிஞ்சும் சாயச் செறிவைப் பொறுத்துப் பொருள் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்வது) உச்சக் கொள்திறன் கிராமுக்கு 50 மி.கி., மாறிலி 0.05 லிட்டர்/மி.கி. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். தண்ணீரில் லிட்டருக்கு 100 மி.கி. சாயம் இருக்கிறது, 5 மி.கி.க்கு இறக்க வேண்டும். 1000 லிட்டரில் நீக்க வேண்டியது 95 கிராம். அறிக்கையில் உள்ள 50ஐ எடுத்து வகுத்தால் 1.9 கிலோ தூள் போதும் என்று வரும். தவறு. தொட்டியில் கலக்கும்போது தூள் கடைசியில் சமநிலை அடைவது 5 மி.கி. தண்ணீரோடு. அந்தச் செறிவில் அது பிடிப்பது 50 × 0.05 × 5 ÷ 1.25 (1.25 என்பது 1 + 0.05 × 5), அதாவது கிராமுக்கு வெறும் 10 மி.கி. எனவே தேவை 9.5 கிலோ. நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு 950 கிலோ. அதுவும் நனைந்து வெளியே வரும்போது எடை பல மடங்கு.

அதே பொருளைக் குருணையாக்கிப் படுகையில் அடுக்கி நீரை ஊடே விட்டால் கணக்கு மாறும். நுழைவாயிலில் உள்ள குருணை 100 மி.கி. தண்ணீரோடு சமநிலைக்கு வரும், அப்போது பிடிப்பு கிராமுக்கு 41.7 மி.கி. கொள்கையளவில் 1000 லிட்டருக்கு 2.4 கிலோ போதும். படுகை முழுதும் நிறையும் முன்பே வெளிவரும் நீரில் நிறம் தெரிய ஆரம்பிக்கும் என்பதால், இரண்டு தொட்டிகளைத் தொடராக வைத்து, முதல் தொட்டி தீர்ந்ததும் இரண்டாவதை முன்னுக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். என்னைக் கேட்டால், தூளைத் தொட்டியில் கொட்டிக் கலக்கும் முறை சமநிலைத் தரவு எடுக்க மட்டுமே உகந்தது.

ஆனால் பச்சை நார்த்தூளைப் படுகையாக அடுக்க முடியாது. தண்ணீரில் உப்பி, அழுத்தத்தில் படிந்து, கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்றுவிடும். கரியாக்கித்தான் ஆக வேண்டும். சிரட்டைக் கரியாக இருந்தால் குருணை உறுதியாக இருக்கும். ஆய்வக அளவில்: கழுவிக் காயவைத்த நார்த்தூள் ஒரு பங்குக்கு 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் ஒன்றரைப் பங்கு, எடைக் கணக்கில். இரவு முழுக்க ஊறவிட்டு, 110 டிகிரியில் உலர்த்தி, மூடிய பீங்கான் குடுவையில் 450 டிகிரியில் 1 மணி நேரம். உலைக்குள்ளேயே ஆறவிடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு மேலடுக்கு சாம்பலாகும். பிறகு கழுவும் நீர் பிஎச் 6க்கு வரும்வரை வெந்நீரில் அலச வேண்டும்; இதில் அவசரப்பட்டால் மிச்ச அமிலம் எல்லாச் சோதனையையும் கெடுக்கும். ஜிங்க் குளோரைடு முறையும் உண்டு, கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் நார்த்தூள் கரி பற்றி நெடுங்காலம் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் துத்தநாகம் முழுதும் கழுவப்படாவிட்டால் சாயத்தை எடுத்துவிட்டு உலோகத்தை விடுவோம்.

கரியாக்காமல் ரியாக்டிவ் சாயத்தைப் பிடிக்க இயற்கைப் பொருள்களில் எனக்கு நம்பிக்கையுள்ளது இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான். அதன் அமீன் தொகுதி அமிலத்தில் நேர்மின் சுமை பெறும். சிக்கல், அதே அமிலத்தில் அது கரைந்தும் போகும். 2 கிராமை 100 மில்லி 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு மணிகளாக்கி, குளூட்டரால்டிஹைடில் குறுக்கிணைப்பு செய்தால் (மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று பிணைத்தால்) கரையாது. குறுக்கிணைப்பு அதிகமானால் அமீன் தொகுதிகள் தீர்ந்து பிடிப்பு குறையும்.

இவ்வளவு செய்தும் உப்பு அப்படியே இருக்கும். அடர்நிறத்துக்குச் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 100 கிராம் வரை உப்பு போடுகிறார்கள், எந்தக் கரியும் அதைத் தொடாது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் கெடுத்ததில் நிறத்தைவிட உப்பின் பங்கு பெரிது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்ன பின்னணியும் இதுதான். எனவே கவர்பொருளைத் தனிச் சிகிச்சையாக விற்பவர்களை நம்ப வேண்டாம். உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுக்கு முன்னால் மிச்ச நிறத்தை எடுக்கவும், உப்புநீரை மறுபடி சாயமிட அனுப்பும் முன் நிறம் போக்கவும் அது உதவும். உப்பு அதிகமான நீரில் கரி ரியாக்டிவ் சாயத்தை நன்றாகவே பிடிக்கும், உப்புச் செறிவு சாயத்தைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளுகிறது. மின்சுமைக் கவர்ச்சியை மட்டும் நம்பியிருக்கும் பச்சைப் பொருள்களுக்கு அதே உப்பு கெடுதல்.

தீர்ந்த கவர்பொருளை வயலில் கொட்டவோ அடுப்பில் எரிக்கவோ கூடாது. டர்க்காய்ஸ் போன்ற சாயங்களில் தாமிரம் இருக்கும், பல சாயங்களில் குளோரினும் கந்தகமும் இருக்கும். திறந்த தீயில் அவை புகையாகவும் சாம்பலாகவும் திரும்பி வரும். அதை அபாயக் கழிவாக எடை போட்டு, பதிவேட்டில் எழுதி, அனுமதி பெற்ற சிமென்ட் சூளைக்கோ பாதுகாப்பான நிரப்பு இடத்துக்கோ அனுப்பும் செலவை முதல் நாள் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.