கண் முகாமுக்குக் கிடைத்த விருது

கண் முகாம் என்றால் டாக்டர் வருவார், டார்ச் அடித்துப் பார்ப்பார், புரை இருந்தால் ஆபரேஷன், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் முகாம் வேலை பார்க்கிற எங்களுக்குத் தெரியும், டாக்டர் வந்து இறங்கும்போது முக்கால்வாசி வேலை ஊருக்குள் முடிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பது, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது, நோட்டீஸ், வருகிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. டாக்டர், லென்ஸ், கூட்டிப்போய் திரும்பக் கொண்டுவந்து விடும் வண்டி மருத்துவமனை பொறுப்பு. 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் இந்தப் பங்குபிரிப்புக்குப் பெரிய இடம் உண்டு.

சமீபத்தில் தல்லாகுளம் பக்கம் ஒரு மண்டபத்தில் சமூக சேவைக்கான விருது விழா நடந்தது. கூட்டுப்பணி என்ற பிரிவில் மேலூர் பக்கத்து முகாம் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர்களோடு வேலை செய்திருப்பதால் நானும் போயிருந்தேன்.

வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் வழக்கம்போல. தலைமை தாங்கியவர் பில்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைப் பற்றிப் பேசினார். கிராமத்துப் பெண்களைக் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களாகச் சேர்த்தவர், பிரதமர் வாஜ்பாய் விருது மேடையிலேயே அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அப்புறம் கொடிக்குளம் அரசுப் பள்ளிக்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்த பூரணம் அம்மாள். கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது.

ஆனால் என் மனதில் நின்றது மேலூர் குழுவுக்கு வாசித்த விருதுக் குறிப்புதான். சாதாரணமாக 'தன்னலமற்ற சேவையைப் பாராட்டி' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் கண்ணைத் தோண்டிவிடுவார்கள் என்று பயந்தவர்களிடம், நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே போய் ஒரு அக்கா பேசியது, ஏற்கெனவே ஆபரேஷன் முடித்து வந்த தன் மாமியாரையே கூட்டிப்போய் அவர்கள் முன்னால் உட்கார வைத்தது, "ஆட்டை யாரு பாப்பா?" என்று தயங்கிய பெரியவர்களுக்காக, அவர்கள் திரும்பி வரும்வரை ஆடு மேய்க்க பக்கத்து வீட்டில் ஆள் ஏற்பாடு செய்தது, ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வராதவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டது. இலவசம் என்று சொன்னால் மட்டும் ஆட்கள் வந்துவிடுவதில்லை. துணைக்கு ஆள் இல்லாமலும் ஆட்டை விட்டுவர முடியாமலும் புரையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஆடு மேய்க்க ஆள் பிடித்ததும் என் கணக்கில் மருத்துவ வேலைதான், அதை மேடையில் சத்தமாக வாசித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். விருது கொடுக்கிற எல்லோரும் இப்படித்தான் எழுத வேண்டும், அப்போதுதான் கேட்கிறவர் தன் ஊரில் எதைத் தொடங்கலாம் என்று தெரிந்துகொள்வார்.

குழுவில் எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்த அக்காவிடம் மைக்கைக் கொடுத்ததும், "வெள்ளனவே வந்துருங்க, வெறும் வயித்தோட வராதீங்கன்னு சொல்லுவோம், அம்புட்டுத்தான்யா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் கொட்டாம்பட்டி பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அவரைத் தேடிவந்து உட்கார்ந்தார். "எங்க ஊர்லயும் ஆட்டுப் பிரச்சினைதான்க்கா, மேய்க்கப் போறவங்களுக்குக் கூலி உண்டா, எப்படிப் பேசினீங்க?" என்று கேட்டார். கூலி கிடையாது தம்பி, இவங்க ஆட்டை இன்னைக்கு அவங்க பாப்பாங்க, அடுத்த முகாமுக்கு அவங்க போறப்ப இவங்க பாக்கணும், அதை முன்னாடியே பேசி வச்சிரணும் என்று அக்கா விளக்கினார். இலையிலிருந்து எழுந்திருக்கும் முன்பே கொட்டாம்பட்டிக்காரர் தன் ஊர் முகாமுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை தோதுப்படும் என்று என்னிடம் கேட்டார்.