பழைய காரைக் கொடுத்து ஹைப்ரிட் எடுத்தேன்: கார் வந்துவிட்டது, காகிதம்தான் படுத்தியது

புதுக் காரைத் தேர்ந்தெடுக்க ஆன நேரத்தைவிட, பழைய காரை என் பெயரிலிருந்து கழற்ற ஆன நேரம்தான் அதிகம். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் எடுக்கலாம் என்று யோசிப்பவர்கள், ஷோரூம் பக்கம் தலைவைக்கும் முன்னால் பதிவுச் சான்றை எடுத்து, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அதில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன்தான் என்றைக்கோ கட்டி முடித்தாச்சே என்ற தெம்பெல்லாம் இங்கே செல்லாது. கடைசித் தவணை கட்டுவது ஒரு வேலை, பதிவிலிருந்து அவர்கள் பெயரை எடுப்பது வேறொரு வேலை. கடன் கொடுக்கும்போது வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கியவர்கள், இதைச் சொல்ல மட்டும் வாயே திறக்கவில்லை.

காரைத் தேர்வு செய்தது பெரிய கதை இல்லை. ஓட்டிப் பார்த்தோம், வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது, முடிந்தது. ஆனால் ஒன்று. பின்கதவில் ‘ஹைப்ரிட்’ என்று ஒட்டியிருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். முதலில் எனக்குக் காட்டிய வண்டி மைல்டு ஹைப்ரிட். அதில் இருக்கும் சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், சிக்னலில் அணைந்த எஞ்சினைச் சட்டென்று கிளப்பும், அவ்வளவுதான். "எஞ்சின் அணைந்திருக்கும்போது மோட்டார் மட்டும் வண்டியை நகர்த்துமா?" என்று கேட்டேன். விற்பனைப் பையன் "எல்லாமே ஹைப்ரிட்தான் சார்" என்று சிரித்தான். நகர்த்தாது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. நீங்களும் இதே கேள்வியை இதே வார்த்தைகளில் கேளுங்கள். ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் எரிபொருள் மிச்சமாவதே மோட்டார் தனியாக ஓட்டும் நேரத்தில்தான். பிரேக் பிடிக்கும்போது வழக்கமாக வெறும் சூடாகப் போய்விடும் ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். நின்று நின்று போகிறவர்களுக்கு இது நல்ல லாபம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவர்களுக்கு வித்தியாசம் குறைவு. தினமும் நெடுஞ்சாலைதான் என்றால் இன்னொரு தரம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"பேட்டரி போனால் காரே போச்சு" என்று பயமுறுத்தச் சொந்தத்தில் ஒருவராவது இருப்பார். எனக்கும் இருந்தார். டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, இது நேற்றைய சரக்கு இல்லை, டாக்சியாகவே ஏராளமாக ஓடியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஏற்கவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் அவர் கிளப்பிய சந்தேகத்தால் ஒரு நல்லது நடந்தது: வாரண்டி புத்தகத்தை முழுதாகப் படித்தேன். பெரிய பேட்டரிக்கான வாரண்டி காரின் பொது வாரண்டியிலிருந்து தனியாக இருக்கும், அதற்கென்று நிபந்தனைகளும் இருக்கும். எந்தச் சர்வீஸைத் தவறவிட்டால் அது செல்லாமல் போகும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்சீட்டுப் பக்கத்து வழியாகத்தான் உள்ளே போகிறது. அங்கே பையையோ போர்வையையோ அடைத்து வைக்கக் கூடாது. இதை டெலிவரி அன்று யாரும் சொல்லவில்லை, புத்தகத்தில்தான் இருந்தது.

இனி மதிப்பீடு. போனில் சொன்ன விலை ஒன்று, ஆள் வந்து பார்த்த பிறகு சொன்ன விலை வேறொன்று. வந்தவர் கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. அதைக் கதவில் வைப்பார், எண்ணைப் பார்ப்பார், அடுத்த கதவுக்குப் போவார். பெயிண்ட் எத்தனை மைக்ரான் கனம் என்று அளக்கிற கருவி அது. மற்ற இடமெல்லாம் நூற்றுச் சொச்சம் காட்டியது, பின் இடது கதவில் மட்டும் எகிறியது. "இங்க வேலை பார்த்திருக்காங்க" என்றார். ஆமாம், பார்த்தோம், ஒரு கீறலுக்கு மறுபெயிண்ட், பில் இதோ என்று நீட்டினேன். பில் இல்லாமல் இருந்திருந்தால் ‘விபத்தான வண்டி’ என்று எழுதி விலையை இறக்கியிருப்பார். பழைய சர்வீஸ் பில்களைக் குப்பை என்று தூக்கிப் போடாமல் வைத்திருந்த என் மனைவிக்குத்தான் அந்தத் தொகை சேர வேண்டும்.

அப்புறம் பேரம். ஷோரூமில் பழைய காருக்கு நல்ல விலை சொன்னார்கள், மகிழ்ந்தோம். அடுத்த தாளைப் பார்த்தால் புதுக் காரில் தருவதாகச் சொன்ன தள்ளுபடியைக் காணோம். ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போடும் வேலை. அதனால் எக்ஸ்சேஞ்ச் என்ற பேச்சையே எடுக்காமல், வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்துப் புதுக் கார் என்ன விலை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது கைக்கு வந்த பிறகு பழைய காரைப் பற்றிப் பேசுங்கள். அதற்குள் வெளியே ஓரிரு இடங்களில் பழைய காருக்கு விலை கேட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது. எனக்கு அதுதான் உதவியது, வெளியிலிருந்து வந்த விலையைப் போனில் காட்டியதும் காணாமல் போன தள்ளுபடியில் பாதி திரும்பி வந்தது.

இப்போது அந்தக் காகிதக் கதைக்கு வருகிறேன். எல்லாம் பேசி முடித்த பிறகு, "சார், பதிவுல இன்னும் கடன் காட்டுதே" என்றார்கள் ஷோரூமில். கடனைக் கட்டி முடித்த கடிதம் கையில் இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போனேன். அந்த நிறுவனம் இடையில் இன்னொன்றோடு இணைந்திருக்கிறது, பழைய கணக்குகள் எல்லாம் வேறு கணினியில் இருக்கிறதாம், கவுண்டரில் இருந்தவருக்கு என் கணக்கே தெரியவில்லை. "கணக்கே இல்லன்னா கடனும் இல்லதானே, அதையே எழுதிக் கொடுங்களேன்" என்றேன். கணக்கு இல்லாமல் எப்படிக் கடிதம் கொடுப்பது என்று திருப்பிக் கேட்டார். ஒருவிதத்தில் நியாயம்தான், ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நேரில் போய்ப் பேசுவதை நிறுத்திவிட்டு, முடிப்புக் கடிதத்தின் நகலோடு அவர்களுடைய குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். புகார் எண் வந்தது. அதன் பிறகுதான் கணக்கு எங்கிருந்தோ முளைத்தது. கவுண்டரில் நின்று கத்துவதைவிடப் புகார் எண்ணுக்குப் பலம் அதிகம்.

கடன் பாக்கி இல்லை, பதிவிலிருந்து எங்கள் பெயரை எடுக்கலாம் என்று நிறுவனம் எழுதித் தரும் ஆட்சேபணையில்லைக் கடிதம் வந்தது. சந்தோஷமாகப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், சேசிஸ் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) பொருந்தவில்லை என்று கணினி தள்ளிவிட்டது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது. கவுண்டர்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஓரமாக நின்று மறுபடி பார்த்தேன், ஒரு இடத்தில் வட்டம் கொஞ்சம் குண்டாக இருந்தது. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து ‘ஓ’வைத் தட்டியிருக்கிறார்கள்! 17 இலக்க சேசிஸ் எண்ணில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ என்ற மூன்று எழுத்துகளும் வரவே வராது, 1, 0 இவற்றோடு குழம்பக் கூடாது என்றே விலக்கி வைத்திருக்கிறார்கள். கடன் நிறுவனத்துக்குத் திரும்பிப் போய் இதைச் சொன்னபோது "எங்க சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு" என்றார் அங்கிருந்தவர். உலகத்தில் எந்தக் காருக்கும் அப்படி ஓர் எண் இருக்க முடியாது என்று விளக்கியதும் மேலாளரைக் கூப்பிட்டார், அவர் உட்கார்ந்த இடத்திலேயே திருத்திக் கையெழுத்துப் போட்டார். இந்த வகைக் கடிதம் எதை வாங்கினாலும் அங்கேயே நின்று சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். பல இடங்களில் இந்தக் கடிதத்துக்குக் காலக்கெடுவும் உண்டு, அதையும் கவனியுங்கள்.

இதற்குள் எக்ஸ்சேஞ்ச் விலைக்குக் கெடு முடிகிறது என்று ஷோரூமிலிருந்து ஓயாமல் போன். "வண்டியை இப்பவே விட்டுட்டுப் போங்க சார், பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். விடவில்லை. வண்டி அவர்கள் கையில், பெயர் என் தலையில் என்றால் அதற்குப் பிறகு பேரத்தில் எனக்கு என்ன மதிப்பு? பேசிய விலை இன்ன தேதி வரை செல்லும் என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டேன்.

காப்பீட்டில் ஒரு விஷயம். பழைய வண்டிக்குக் கிளெய்ம் எதுவும் செய்யாததால் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் பெரும்பாலும் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் புதுக் காப்பீட்டில் கழித்துக்கொள்ளுங்கள். ஷோரூம் தானாகச் செய்யும் என்று காத்திருக்காதீர்கள், கேட்டால்தான் நடந்தது. பழைய காரின் காப்பீட்டையும் வண்டியை ஒப்படைத்துச் சீட்டு வாங்கும் வரை ரத்து செய்யாதீர்கள்.

புது வண்டி சொன்னபடி கொடுக்கிறதா என்றால், கொடுக்கிறது. டேஷ்போர்டு காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை, டேங்க் நிரப்பி அடுத்த நிரப்பல் வரை ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்க்கிறேன். விளம்பர எண்ணுக்குக் கீழேதான், பழைய காருக்கு வெகு மேலே. பக்கத்துக் கடைக்குப் போய்வரும் குட்டிப் பயணங்களில் மட்டும் ஏமாற்றம், எஞ்சின் சூடாக வேண்டும் என்று கிளம்பிய உடனே ஓட ஆரம்பித்துவிடுகிறது.

ஒப்படைக்கும் அன்று தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் மூன்றும் எழுதி, முத்திரையோடு ஒரு சீட்டு கேட்டேன். "அதெல்லாம் வழக்கமில்ல" என்றார்கள், சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எழுதிக் கொடுத்தார்கள். காரின் திரையில் சேர்ந்திருந்த என் போன் தொடர்புகளையும் வீட்டு முகவரியையும் அங்கேயே அழித்தேன். கொஞ்ச காலம் கழித்து என் பெயருக்கு அபராதச் சீட்டு வந்தது, தடை செய்த இடத்தில் வண்டியை நிறுத்தியதற்காக. தேதியைப் பார்த்தால் ஒப்படைத்த பிறகு. ஷோரூம்காரர்கள் வண்டியை வேறொரு தரகருக்குத் தள்ளிவிட்டு, பெயர் மாற்றத்தைக் கிடப்பில் போட்டிருக்கிறார்கள். முத்திரைச் சீட்டின் படத்தை அனுப்பியதும் அபராதம் ரத்தானது. அதையே ஷோரூமுக்கும் அனுப்பி, பெயர் மாற்றத்துக்கு இன்ன தேதிக்குள் அத்தாட்சி தராவிட்டால் எழுத்தில் புகார் போகும் என்றேன். இந்த முறை அவர்களே போன் செய்து, புது உரிமையாளர் பெயர் ஏறிவிட்டது என்று சொல்லி நகலையும் அனுப்பினார்கள். வாங்கியதும் முதலில் சேசிஸ் எண்ணைத்தான் பார்த்தேன், சரியாக இருந்தது.