மோசியின் இடுப்புக் கச்சை

ஜூன் 3

சீனத் தத்துவம் என்றால் எனக்கு இதுவரை கன்பூசியஸ், லாவோட்சு இருவர்தான். இந்த மாதம் மோசி. கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்காரர். பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்குவது வாடிக்கையாக இருந்த காலம்.

படையெடுப்பைக் கண்டிக்கும் அத்தியாயத்தைப் பழத்திருட்டில் ஆரம்பிக்கிறார். அடுத்தவர் தோட்டத்தில் பீச் பழம் பறித்தவனை ஊரே திட்டுகிறது. கோழி, பன்றி திருடினால் இன்னும் பெரிய குற்றம். மாடு, குதிரை என்றால் அதைவிடப் பெரிது. ஒருவரைக் கொன்றால் மரண தண்டனை. ஒரு நாட்டையே தாக்கினால் மட்டும் பாராட்டு! கொஞ்சம் கறுப்பைக் கறுப்பு என்றும் நிறையக் கறுப்பை வெள்ளை என்றும் சொல்பவனுக்கு நிறம் தெரியுமா என்று கேட்கிறார். கணக்கு வாத்தியார் மாதிரி படிப்படியாக ஏறுகிறார். கவித்துவம் கிடையாது, அதுவே பிடித்திருக்கிறது.

ஜூன் 4

ஆபீஸ். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

ஜூன் 5

கொங்ஷூ பான் கதை. சீனத் தச்சர்கள் லூ பான் என்ற பெயரில் இன்றும் வழிபடும் அதே ஆள். சூ நாட்டு அரசனுக்காக மதிலேறும் ஏணிகள் செய்கிறார். சோங் என்ற சின்ன நாட்டைப் பிடிக்கத்தான். சேதி காதில் விழுந்ததும் மோசி பத்து நாள் பத்து இரவு நடந்து சூவின் தலைநகருக்கு வந்து சேர்கிறார்.

வந்தவர் உபதேசம் செய்யவில்லை. “வடக்கே ஒருவன் என்னை அவமானப்படுத்திவிட்டான், அவனைக் கொன்று கொடு, பொன் தருகிறேன்” என்கிறார். கொங்ஷூவுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. கொலை செய்வது என் தர்மமில்லை என்கிறார். உடனே மோசி எழுந்து கும்பிட்டு, “அப்புறம் சோங் மக்கள் என்ன குற்றம் செய்தார்கள்?” என்கிறார். உங்கள் நாட்டில் நிலம் மிச்சம், ஆள் குறைவு. குறைவாக இருப்பதைக் கொன்று மிச்சமாக இருப்பதைத் தேடுகிறீர்களே!

பேச்சில் கொங்ஷூ தோற்றுவிட்டார், ஆனால் அரசன் அசையவில்லை. ஏணிதான் தயாராகிவிட்டதே. சரி என்று மோசி இடுப்புக் கச்சையை அவிழ்த்துத் தரையில் மதிலாக வளைக்கிறார். மரத்துண்டுகள்தான் கருவிகள். கொங்ஷூ ஒன்பது விதமாகத் தாக்குகிறார், ஒன்பதும் முறியடிக்கப்படுகின்றன. “உன்னை எப்படி வெல்வது என்று தெரியும், சொல்ல மாட்டேன்” என்கிறார் கொங்ஷூ. “எனக்கும் தெரியும், நானும் சொல்ல மாட்டேன்” என்கிறார் மோசி. அரசனுக்கு ஒன்றும் புரியவில்லை. மோசியே விளக்குகிறார்: என்னைக் கொல்லலாம் என்று நினைக்கிறார். ஆனால் சின் குலியும் என் சீடர்கள் 300 பேரும் இதே கருவிகளோடு ஏற்கெனவே சோங் மதில்மேல் நிற்கிறார்கள்.

படையெடுப்பு கைவிடப்பட்டது.

ஜூன் 8

அந்தச் சின் குலி மூன்று வருடம் மோசிக்கு ஊழியம் செய்தவர். கைகாலெல்லாம் காய்ப்பு, முகம் கறுத்துவிட்டது, இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. மனம் இரங்கிய மோசி அவரை மலைக்குக் கூட்டிப்போய், கள்ளும் உப்புக்கண்டமும் வைத்து உட்காரச் சொன்னார். அப்போது சீடர் கேட்டது ஞானத்தை அல்ல, நகரைக் காக்கும் வழியை!

அந்த வழிகளுக்கென்றே தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. எதிரி சுரங்கம் தோண்டினால் என்ன செய்வது? கிணறு வெட்டி, வாயில் மெல்லிய தோல் கட்டிய ஜாடிகளை அதற்குள் இறக்கி, கூர்ந்த செவியுள்ளவர்களைக் காது வைக்கச் சொல்ல வேண்டும். எல்லாரையும் ஒன்றுபோல நேசி என்று சொன்னவரின் நூலில் இதுவும் இருக்கிறது. அந்த நேசத்தில் பாதி தச்சு வேலை.

ஜூன் 11

மென்சியஸ். கன்பூசியஸ் வழிவந்த தத்துவவாதி. புது மணிக்குச் சடங்காக ரத்தம் பூசுவதற்காக ஒரு மாட்டை ஓட்டிப் போகிறார்கள். அது நடுங்குவதைப் பார்க்கச் சகிக்காத சீ நாட்டு அரசன், அதை விட்டுவிட்டு ஆட்டைக் கொண்டுவரச் சொல்கிறான். மாட்டைப் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை, இந்த இரக்கம்தான் தொடக்கம் என்கிறார் மென்சியஸ். அழகான இடம்தான். ஆனால் எனக்கு அந்த ஆடுதான் உறுத்துகிறது. மோசி அந்த ஆட்டையும் எண்ணியிருப்பார்.

எல்லாரையும் ஒன்றாக நேசிப்பது தகப்பனையே மறுப்பது என்று மோசியை வைதவரும் இவர்தான். ஆனால் உலகுக்கு நன்மை என்றால் உச்சிமுதல் குதிகால்வரை தேய்ந்துபோகவும் மோசி தயங்க மாட்டார் என்று எழுதியதும் இவரே.

ஜூன் 12

கொங்ஷூ கதையின் கடைசி வரிகளை அன்று எழுதாமல் விட்டுவிட்டேன். திரும்பும் வழியில் மோசி சோங் நாட்டைக் கடக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. ஒதுங்கலாம் என்று ஊர் வாசலுக்குப் போனால் காவல்காரன் உள்ளே விடவில்லை.

அதன் கீழே ஒரு நீதிவாக்கியம் ஒட்டியிருக்கிறது, எனக்கு அது வேண்டாம். முன்பின் தெரியாத ஆளை உள்ளே விடாதே என்று அந்தக் காவல்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தது, மதில்மேல் நின்ற அந்த 300 பேரில் ஒருவராகக்கூட இருக்கலாம்.