சர்க்கரைக்கு ஒரு பத்தியம், சிறுநீரகத்துக்கு ஒரு பத்தியம்

2025 ஜனவரி 6, திங்கள்

பரிசோதனை முடிவுகள் இன்று கைக்கு வந்தன. தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் 1.5, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 54, சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதமான ஏ.சி.ஆர். 140, பொட்டாசியம் 4.6, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.4. கிரியேட்டினின் எல்லையைச் சற்றுத்தானே தாண்டியிருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் ஆறுதல் அடைந்தார்கள். எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்காமல் கிரியேட்டினினை மட்டும் வைத்துக்கொண்டு சிறுநீரகத்தின் நிலையை அறிய முடியாது. 2021-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சூத்திரத்தின்படி கணக்கிட்டால், 58 வயது ஆணான எனக்கு 54 என்று வருகிற அதே 1.5, 25 வயது இளைஞருக்கு ஏறத்தாழ 66 என்றும், என் வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 40 என்றும் வருகிறது. ஒரே எண் மூவரை மூன்று இடங்களில் நிறுத்துகிறது.

54 என்பது நாள்பட்ட சிறுநீரக நோயில் 45-க்கும் 59-க்கும் இடைப்பட்ட ‘3ஏ’ நிலை. ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஏ.சி.ஆர்.தான். அது 30-க்குக் கீழே இருக்க வேண்டும். 30 முதல் 300 வரை மிதமான கசிவு, 300-க்கு மேல் கடுமையான கசிவு. வடிகட்டிகளின் சுவர் பழுதுபட்டு, இரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் வெளியேறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் இந்த எண் தற்காலிகமாக உயரக்கூடும் என்பதால், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கப்படும் மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது உயர்ந்திருந்தால்தான் உறுதிப்படுத்துவார்கள். எனவே இன்னும் இரண்டு மாதிரிகள் கொடுக்க வேண்டும்.

2025 ஜனவரி 9, வியாழன்

அக்கா எங்கிருந்தோ ஓர் உணவுப் பட்டியலை வாங்கி அனுப்பியிருக்கிறார். சிறுநீரக நோயாளிகள் தவிர்க்க வேண்டியவை என்று அதில் பழங்கள், கீரை, பருப்பு, கொட்டைகள், தவிடு நீக்காத தானியங்கள், பால் எல்லாமே இருக்கின்றன. சர்க்கரை நோய்க்காக இத்தனை ஆண்டுகளாக நான் கடைப்பிடித்துவரும் பட்டியலோ, அவற்றில் பெரும்பாலானவற்றை உண்ணச் சொல்கிறது. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடித்தால் தட்டில் மிஞ்சுவது தீட்டிய தானியமும் சில காய்களும்தான். அதையே வயிறு நிறைய உண்டால் சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரையே சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

இந்தக் குழப்பத்தில் சிக்கியவர்கள் பலரை நான் அறிவேன். பயத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி, சில மாதங்களில் உடல் மெலிந்து, நடக்கவே சோர்ந்து போனவர்களும் அவர்களில் உண்டு. பொட்டாசியத்தையும் பாஸ்பரசையும் குறைக்கச் சொல்வது, இரத்தத்தில் அவை உயர்ந்திருப்பவர்களுக்கான அறிவுரை. என் பொட்டாசியம் 4.6, இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. அப்படியிருக்க, வாழைப்பழத்தையும் தக்காளியையும் நான் இன்றே துறப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. யாருக்கோ அச்சடித்த பட்டியலைக் காட்டிலும் என்னுடைய பரிசோதனைத் தாள்தான் என் பத்தியத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அக்காவிடமும் இதைச் சொன்னேன். “அப்படியானால் எதைத்தான் குறைப்பாய்?” என்று கேட்டார். உப்பை, என்றேன்.

2025 ஜனவரி 15, புதன்

உணவியல் நிபுணரிடம் நெடுநேரம் பேசினேன். டயாலிசிஸ் தேவைப்படாத நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பதே பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல். என் எடை 65 கிலோ. ஆகவே 52 கிராம். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் இது தலைகீழாக மாறி 1 முதல் 1.2 கிராம் வரை உயர்த்தப்படுகிறது, ஏனெனில் அந்தச் சிகிச்சையிலேயே உடலிலிருந்து புரதம் வெளியேறுகிறது. புரதம் என்றாலே சிறுநீரகத்துக்குப் பகை என்று பேசுவோர் இதைக் கவனிப்பதில்லை.

புரதக் கணக்குப் போடும்போது பலர் இறைச்சி, முட்டை, பால், பருப்பு ஆகியவற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 200 கிராம் தானியம் உண்பவருக்கு அதிலிருந்தே 16 முதல் 20 கிராம் வரை புரதம் கிடைத்துவிடுகிறது. அதனுடன் 300 மில்லி பாலில் 10 கிராம், 40 கிராம் உலர் பருப்பில் 9 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், காய்கறிகளில் ஏறத்தாழ 5 கிராம் என்று கூட்டினால் 50-ஐ நெருங்கிவிடுகிறோம். எனக்கு இதில் குறைப்பதற்கும் ஒன்றுமில்லை, கூட்டுவதற்கும் இடமில்லை. உடல் தேறும் என்று நண்பர் பரிந்துரைத்த புரதப் பொடியை மட்டும் வேண்டாம் என்று வைத்தேன். புரதம் மிகும்போது வடிகட்டிக்குள் நுழையும் நுண்குழாய் விரிந்து உள்ளழுத்தம் கூடுகிறது. இரத்தச் சர்க்கரை மிகும்போதும் நிகழ்வது இதுதான். ஏற்கெனவே ஓர் அழுத்தத்தைச் சுமக்கும் வடிகட்டியின் மீது இன்னொன்றை ஏற்றுவது நியாயமில்லை.

அளவுக்கு மீறிக் குறைப்பதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பட்டினி கிடந்து தசை கரைந்தால் கிரியேட்டினின் இறங்கும், இ.ஜி.எஃப்.ஆர். உயர்ந்ததுபோலத் தோன்றும், பத்தியம் பலித்துவிட்டது என்று மனம் மகிழும். உண்மையில் தேய்ந்திருப்பது தசை, சிறுநீரகம் தேறியிருக்காது.

2025 ஜனவரி 26, ஞாயிறு

உப்பைக் குறைத்துவிட்டேன் என்று சொல்வது எளிது. அதை அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. நாம் உண்ணும் சோடியத்தில் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறுகிறது என்பதால், 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கொடுத்தால் உண்ட உப்பின் அளவு தெரிந்துவிடும். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைச் சேகரிக்காமல் விட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன்பின் கழிக்கும் ஒவ்வொரு துளியையும் கலனில் சேர்த்து, மறுநாள் காலை அதே நேரத்துச் சிறுநீருடன் முடிக்க வேண்டும். இடையில் ஒருமுறை தவறினாலும் கணக்குப் பிசகிவிடும்.

முடிவு 150 மில்லிமோல் சோடியம். உப்பாக மாற்றினால் 8.8 கிராம். இலக்கு 5 கிராம், அதாவது 2 கிராம் சோடியம். எங்கள் சமையலில் என் பங்குக்குச் சேரும் உப்பு 5 கிராமுக்கும் குறைவுதான். மீதி ரொட்டி, பிஸ்கட், சூப் பொட்டலம், சாஸ் போன்றவற்றின் வழியாக நாக்குக்கே தெரியாமல் உள்ளே போகிறது. இன்று சூப் பொட்டலம் ஒன்றை எடுத்து அதன் பின்புறத்தைப் படித்தேன். ஒரு பரிமாறலுக்குச் சோடியம் 700 மில்லிகிராம் என்று இருந்தது. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு; ஆக 1.75 கிராம். அதற்குக் கீழே, இந்தப் பொட்டலத்தில் மூன்று பரிமாறல்கள் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். முழுப் பொட்டலத்தையும் ஒருவரே குடித்தால் ஒரு நாளைய உப்பு ஒரே கிண்ணத்தில் முடிந்துவிடும்.

நான் லோசார்ட்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்கிறேன். வடிகட்டியிலிருந்து வெளியேறும் நுண்குழாயைத் தளர்த்தி, உள்ளழுத்தத்தைக் குறைத்து, ஆல்புமின் கசிவைத் தணிப்பது அதன் வேலை. உப்பு மிகுந்தால் இந்த மருந்தின் பலன் மங்கிவிடுகிறது என்பதை அறிந்தபோது, உப்பைக் குறைப்பது மருந்தின் ஒரு பகுதியாகவே எனக்குப் பட்டது. இரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழே வைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

2025 பிப்ரவரி 5, புதன்

உப்பைக் குறைக்கிறேன் என்று கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், அன்போடு ‘குறைந்த சோடியம் உப்பு’ ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சிறுநீரகம் நலமாக உள்ளவர்களுக்கு அது நல்ல மாற்றாக இருக்கலாம். வடிகட்டும் திறன் குறைந்து, பொட்டாசியத்தை உடலில் தேக்கும் லோசார்ட்டன் போன்ற மருந்தையும் உட்கொள்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் மிகவும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும், அதுவும் பெரும்பாலும் முன்னறிகுறி எதுவும் இல்லாமல்.

பொட்டாசியம் ஏறியவுடன் பழியைப் பழங்களின் மீது மட்டும் போடுவதும் சரியில்லை. இன்சுலின் போதாமல் சர்க்கரை எகிறும்போது செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் இரத்தத்துக்கு வருகிறது. இரத்தத்தில் அமிலத்தன்மை கூடினாலும் ஏறும். மலச்சிக்கலும் அதற்குத் துணைபோகும். இவற்றையும் சரிபார்த்த பிறகு குறைக்கத்தான் வேண்டும் என்று வந்தால், உருளைக்கிழங்கு போன்றவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பதே பொட்டாசியத்தைக் குறைக்கும் வழி.

2025 பிப்ரவரி 18, செவ்வாய்

மருத்துவர் இன்று டாபாகிளிஃப்ளோசின் தொடங்கினார். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் இந்த வகை மருந்துகள் சிறுநீரகத்தையும் காக்கின்றன என்பதை 2019-இல் கானாகிளிஃப்ளோசினுக்கும், 2020-இல் டாபாகிளிஃப்ளோசினுக்கும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. உணவோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கையை மருத்துவர் அழுத்திச் சொன்னார். இதை உட்கொள்ளும்போது பட்டினி கிடப்பதும், மாவுச்சத்தை அடியோடு விலக்குவதும் கூடாது. சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் பெருகிவிடக்கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, உணவு இறங்காத காய்ச்சல் என்று வந்தால், இதையும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினையும் லோசார்ட்டனையும் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி அன்றே அவரை அழைத்துக் கேட்க வேண்டும். மெட்ஃபார்மினின் அளவை இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் மறுபரிசீலனை செய்வார்கள், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள்.

முழங்கால் வலிக்குக் கடையில் தானே வாங்கி விழுங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் வேண்டவே வேண்டாம் என்றார்.

2025 மார்ச் 11, செவ்வாய்

சில நாட்களாகக் காலைச் சர்க்கரை தானாகவே இறங்கிவருகிறது. இன்று விடியற்காலையில் 66. வியர்வையும் கைநடுக்கமும் இருந்தன. 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தேன், 92 ஆகியிருந்தது. ஆரஞ்சுச் சாறு குடிப்பதே பலருக்கும் வழக்கம் என்றாலும், அதில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்குக் குளுக்கோஸ் மாத்திரையோ ஆப்பிள் சாறோதான் ஏற்றது.

சர்க்கரை காரணமின்றி இறங்குவதைக் கண்டு மகிழ்ந்துவிடக்கூடாது. ஊசியாகப் போடும் இன்சுலினில் கணிசமான பகுதியைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அதன் திறன் குறையக் குறைய இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்கி, அதே அளவு ஊசி அதிகமாகிவிடுகிறது. எனக்கு இது புதிய மருந்தின் விளைவா, உப்போடு சேர்த்துப் பொட்டல உணவுகளை விட்டதன் பலனா, சிறுநீரகம் மாறியதன் அடையாளமா என்று பிரித்தறிய வேண்டும் என்பதால், மருத்துவர் நான் இரவில் போடும் இன்சுலினைக் குறைத்து, இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். எச்பிஏ1சி மட்டும் போதாது என்றார். சிறுநீரகக் கோளாறு முற்றி இரத்தசோகை வந்தவர்களிடம் அந்த எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

பாஸ்பரஸ் பற்றி ஒரு குறிப்பு: பருப்பிலும் முழுத் தானியங்களிலும் இருப்பதில் ஒரு பகுதியை மட்டுமே குடல் உறிஞ்சுகிறது, பதப்படுத்திய இறைச்சியிலும் அடர்நிறக் குளிர்பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட்டோ பெரும்பாலும் முழுமையாக உள்ளே போய்விடுகிறது. எதையாவது விலக்கத்தான் வேண்டுமென்றால், பருப்பைத் தொடுவதற்கு முன் இவற்றை விலக்குங்கள்.

2025 ஏப்ரல் 7, திங்கள்

மூன்றாவது மாதிரியில் ஏ.சி.ஆர். 85. மூன்று மாதிரிகளிலும் 30-க்கு மேல் இருப்பதால் சிறுநீரகப் பாதிப்பு உறுதியாகிவிட்டது. ஆனால் கசிவு குறைந்துவருகிறது. இ.ஜி.எஃப்.ஆர். 51. இறங்கிவிட்டதே என்று வீட்டில் கலங்கினார்கள். டாபாகிளிஃப்ளோசின் தொடங்கியபின் வடிகட்டியின் உள்ளழுத்தம் தணிவதால் இத்தகைய சிறு சரிவு எதிர்பார்க்கத்தக்கதே என்றும், இதற்காக மருந்தை நிறுத்தக்கூடாது என்றும் மருத்துவர் விளக்கினார். பொட்டாசியம் 4.8. பழங்கள் தொடர்கின்றன.

மாலையில் தம்பி வந்திருந்தான். அவனுக்கும் சில ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. “எனக்கு கிரியேட்டினின் சரியாகத்தான் இருக்கிறது அண்ணா, சிறுநீர்ப் பரிசோதனை எதற்கு?” என்று கேட்டான். கிரியேட்டினின் உயரும் முன்பே, பல ஆண்டுகள்கூட முன்பே, ஆல்புமின் கசியத் தொடங்கிவிடலாம் என்றும், இரண்டாம் வகையினர் நோய் தெரிந்த நாளிலிருந்தே, முதல் வகையினர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, ஆண்டுதோறும் இரண்டையும் பார்க்க வேண்டும் என்றும் எடுத்துச் சொன்னேன். வியாழக்கிழமை கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரையே கொடுக்க வேண்டும், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி செய்யக்கூடாது, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.